திருச்சி – பலாலி: தூரம் 183 கி.மீ. சரி, அம்மா எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும்?

காவிரிக்கரை:

வணக்கம். அம்மாவைத் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, பலாலி விமான நிலையம் வழியாக அழைத்துப் போகவிருக்கிறேன். அம்மாவுக்கு வயது 79. ஏழு மாதங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். எலும்பு மருத்துவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்: முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார வைக்காதீர்கள், எழுப்பி நாலடி நடக்க விடுங்கள்.

அம்மா பிறந்தது கோப்பாயில். 1969இல் கல்யாணமாகி ராமேஸ்வரம் கப்பலில் இந்தப் பக்கம் வந்தவர். அவருடைய தங்கை, என் சித்தி, இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். இருவரும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது 2011இல், கொழும்பில் ஒரு கல்யாணத்தில். இப்போது சித்திக்கும் நடமாட்டம் குறைந்துவிட்டது. இந்த ஆண்டு போகாவிட்டால் இனி எப்போது என்று இருவருமே போனில் கேட்கிறார்கள்.

நேரத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று இணையத்தில் தேடினேன். ஒரு தளம் 183 கி.மீ. என்கிறது, இன்னொன்று 114 என்கிறது, மூன்றாவது 99 என்கிறது. பறக்கும் நேரம் ஒன்றில் 14 நிமிடம், இன்னொன்றில் 44 நிமிடம். டிக்கெட்டைப் பார்த்தால் ஒரு மணி நேரத்தை ஒட்டி வருகிறது. எனக்கு இதில் எது உண்மை என்பது வெறும் விவாதம் இல்லை. 44 நிமிடம் என்றால் மருத்துவர் சொன்ன கணக்குக்குள் அடங்கும். ஒரு மணி நேரம் என்றால் நடுவில் எழுப்பி நடக்கவைக்க முடியுமா என்று தெரிய வேண்டும். இந்த வழியில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சோழநாடன்:

மூன்று தூரமும் ஒன்றுதான். 183 என்பது கிலோமீட்டர், 114 மைல், 99 கடல் மைல். விமானத் துறையில் கடல் மைல்தான் புழக்கம், ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. நேரத்தைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். அம்மா நல்லபடியாகப் போய் வரட்டும்.

---

மேகத்துக்கு மேலே:

சகோதரி, விமானங்களுக்குப் பயணத்திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலையில் 26 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனை எரிபொருள், எந்த உயரம், எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் கணக்குப் போட்டு விமானியின் கையில் கொடுப்பதுதான் வேலை. உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் பார்த்த எண்கள் ஒன்றுகூட உங்கள் அம்மா உட்காரும் நேரத்தைச் சொல்லவில்லை.

14 நிமிடம் எப்படி வந்தது என்று பாருங்கள். 114 மைலை மணிக்கு 500 மைல் என்ற ஜெட் வேகத்தால் வகுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். 44 நிமிடம் சொன்ன தளமும் அதே வகுத்தலைச் செய்து, ஏற இறங்க என்று பொத்தாம்பொதுவாக 30 நிமிடத்தைச் சேர்த்திருக்கிறது. சென்னையிலிருந்து டெல்லிக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். 183 கி.மீ. தூரத்துக்கு அப்படிப் பார்ப்பது சரியே இல்லை, ஏனென்றால் இவ்வளவு சிறிய தூரத்தில் முழு வேகத்தில் பறக்க விமானத்துக்கு இடமே கிடைக்காது.

அந்த வழியில் ஓடுவது ஏடிஆர் 72. இரண்டு பக்கமும் சுழலி வைத்த விமானம், சம உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ. போகும். ஏறும்போது அந்த வேகம் வராது. தேவையான உயரத்துக்குப் போகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், அதற்குள் அறுபது கி.மீ. கடந்திருக்கும். இறங்குவதற்கும் அதே அளவு நிமிடம், இன்னும் கொஞ்சம் கூடுதல் தூரம். மிச்சம் நடுவில் சமமாகப் பறக்கும் தூரம் ஐம்பது கி.மீ. தேறுமா என்பதே சந்தேகம். ஆறு நிமிடப் பறப்பு. பெரிய ஜெட்டை அனுப்பினாலும் இந்த ஆறு நிமிடத்தில் இரண்டோ மூன்றோதான் மிச்சமாகும்.

இனி திசை. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. பலாலி தென்கிழக்கில். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதை எதிர்த்துத்தான் விமானம் கிளம்ப வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் மேற்கு நோக்கிக் கிளம்பும், அதாவது யாழ்ப்பாணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பிறகு வளைந்து திரும்ப வேண்டும். அந்தப் பக்கமும் அப்படியே. பலாலி ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காக இருக்கிறது, நீங்கள் வருவதோ வடமேற்கிலிருந்து. நேராகப் போய் இறங்க முடியாது, எந்த முனையில் இறங்கினாலும் ஒரு திருப்பம் உண்டு. நடுவில் சென்னைக் கட்டுப்பாட்டு வான்வெளியிலிருந்து கொழும்பு வான்வெளிக்குக் கைமாறும் இடமும் இருக்கிறது. குறித்த புள்ளிகள் வழியாகத்தான் கடக்க வேண்டும், வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தது போலப் பறந்துவிட முடியாது. இதையெல்லாம் சேர்த்தால் சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை 35 முதல் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் இருப்பது வேறு கணக்கு. விமானம் நிற்கும் இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். அதை எடுப்பது முதல் அந்தப் பக்கம் மறுபடி வைக்கும் வரை உள்ள நேரம்தான் அட்டவணையில் வரும். பிளாக் டைம் என்போம். தரையில் உருள்வது, ஓடுபாதை முனையில் வரிசைக்குக் காத்திருப்பது, தாமதமானால் சமாளிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு மணி நேரத்தை ஒட்டி என்றால் நியாயமான எண்தான்.

ஆனால் உங்கள் அம்மாவின் கடிகாரம் முட்டுக்கட்டையை எடுக்கும்போது தொடங்காது. சக்கர நாற்காலிப் பயணிகளை முதலில் ஏற்றுவார்கள், கடைசியில் இறக்குவார்கள். மற்றவர்கள் ஏறி, பெட்டியை மேலே வைத்து, கதவு சாத்தும் வரை 15 முதல் 20 நிமிடம் அவர் இருக்கையில்தான் இருப்பார். அந்தப் பக்கம் எல்லோரும் இறங்கும் வரை இன்னும் பத்து நிமிடம். ஆக, உட்கார்ந்தது முதல் எழுந்தது வரை 85 நிமிடம் என்று நீங்கள் தயாராக இருக்க வேண்டும். இதை எந்தத் தளமும் சொல்லாது.

என்ன செய்யலாம்? விமானத்தில் ஏறுவதற்குச் சற்று முன்பு வரை அவரை நாற்காலியில் வைத்திருக்காமல், காத்திருப்புக் கூடத்திலேயே வாக்கரோடு இரண்டு சுற்று நடக்க வையுங்கள். ஏடிஆரில் பயணிகள் ஏறுவது வால் பக்கக் கதவு வழியாக, கழிப்பறையும் பின்னால்தான். அதனால் பின்வரிசையில் நடைபாதையை ஒட்டிய இருக்கையைக் கேளுங்கள். முன்வரிசை கொடுத்தால் மரியாதை என்று ஏற்றுக்கொள்ள வேண்டாம், அவ்வளவு தூரம் குறுகிய நடைபாதையில் நடக்க வேண்டியிருக்கும். மேலே போனதும் சீட் பெல்ட் விளக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் வரை அணைந்திருக்கும், வானிலை மோசமாக இருந்தால் அணையாமலே போகவும் கூடும். அணைந்த அந்தக் கணமே எழுப்பிவிடுங்கள். பணிப்பெண்ணிடம் ஏறும்போதே சொல்லி வைத்தால் அந்த நேரத்தில் உணவு வண்டியை நடைபாதையில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்வார். விளக்கு அணையாவிட்டால் இருக்கையிலேயே கணுக்காலைச் சுழற்றுவது, முழங்காலை நீட்டி மடக்குவது. இதை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. திருச்சியிலிருந்து கோவை விமான நிலையம் நேர்கோட்டில் 185 கி.மீ. பலாலி 183. சென்னையோ 293. வேலையில் சேர்ந்த புதிதில் இந்த எண்ணைப் போட்டுப் பார்த்தபோது தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். கோவைக்குப் போவதை யாரும் தொலைவு என்று சொல்வதில்லை.

---

கோண்டாவில் பனை:

அக்கா, நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். கண் சிகிச்சைக்காக அப்பாவைத் திருச்சிக்கு அழைத்துச் சென்று திரும்பி வந்தோம், போன மாதம்தான். மேலே ஐயா எழுதியது எல்லாம் சரி. எங்களுக்கு வானில் 40 நிமிடம் ஆனது.

2025 மார்ச் இறுதியில் இண்டிகோ இந்தச் சேவையைத் தொடங்கும் வரை எங்கள் ஊரவர் பட்ட பாடு உங்களுக்கும் தெரியும். நேரே வடமேற்கில் தெரியும் ஊருக்குப் போக, முதலில் தெற்கே ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸிலோ ரயிலிலோ கொழும்புக்குப் போக வேண்டும். அங்கிருந்து விமானம் ஏறி மறுபடி வடக்கே 400 கி.மீ. பறக்க வேண்டும். 2019 அக்டோபர் 17இல் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்தபோது சென்னைக்கு வழி வந்தது. சில மாதங்களில் கொரோனா வந்து மூடிவிட்டது, மறுபடி விமானம் வந்தது 2022 டிசம்பரில். அதனால் திருச்சிக்கு நேரே விமானம் என்றதும் என் அப்பா நம்பவே இல்லை, டிக்கெட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

அம்மம்மா இருந்திருந்தால் நம்பியிருப்பார். ஏர் சிலோனின் முதல் விமானமே 1947 டிசம்பர் 10ஆம் தேதி கொழும்பை அடுத்த இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில், அதாவது இதே பலாலியில், இறங்கித்தான் சென்னைக்குப் போனது. டகோட்டா விமானம். அந்த இரைச்சல் கேட்டால் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றிவிட்டு அண்ணாந்து பார்ப்பார்களாம்.

உங்கள் அம்மாவுக்குத் தேவையானதைச் சொல்கிறேன். பலாலி சின்ன நிலையம். விமானம் நிற்கும் இடத்திலிருந்து கட்டடம் கிட்டத்தான், அதனால் நடைக்கு அலைச்சல் இல்லை. குடிவரவில் வரிசை நின்றாலும் ஒரு விமானத்துப் பயணிகள்தான், வயதானவர்களை முன்னுக்கு விடுகிறார்கள். இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியை இணையத்தில் முன்பே எடுத்துத் தாளில் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். நகரத்துக்குச் சுமார் 20 கி.மீ. கோப்பாய் என்றால் நகரத்துக்குள் போகவே தேவையில்லை, வாகனத்தை முன்பே சொல்லி வையுங்கள். கடிகாரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. 2006 ஏப்ரல் முதல் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம், அம்மாவின் மருந்து வேளை மாறாது.

---

காவிரிக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. மேகத்துக்கு மேலே ஐயா, நீங்கள் எழுதியதை அச்சடித்து மருத்துவரிடம் காட்டினேன். 85 நிமிடம் என்றதும் முகம் சுளித்தார், நடுவில் எழுந்து நிற்கலாம் என்ற இடத்தைப் படித்ததும் சரி என்றார். ஏறுவதற்கு முன் இரத்த உறைவு பற்றி ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார், அது உங்களால் நடந்தது.

ஒரு சந்தேகம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறதே, அதில் எழுந்து நடமாடலாம், அதுவே மேல் என்கிறார் என் தம்பி. அம்மாவுக்கும் கப்பல் என்றதும் கண் பளிச்சென்றது.

---

மேகத்துக்கு மேலே:

கடலில் ஏறக்குறைய 60 கடல் மைல், சுமார் 110 கி.மீ. நான்கு மணி நேரம் ஆகும். அதற்கு முன் திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரை காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல். நடமாடலாம் என்பது உண்மை. ஆனால் புதிதாகச் சேர்ந்த இடுப்பெலும்போடு, ஆடும் தளத்தில் வாக்கர் பிடித்து நடப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. ஜூலையில் பாக் நீரிணையில் காற்றும் இருக்கும். விமானத்திலேயே போங்கள் சகோதரி.

---

காவிரிக்கரை:

போய்ச் சேர்ந்துவிட்டோம். கோப்பாயிலிருந்து எழுதுகிறேன். இனி இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று நிமிடக் கணக்கை அப்படியே தருகிறேன். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக் குறித்தது.

கூடத்தில் அம்மாவை இரண்டு சுற்றுக்குப் பதில் மூன்று சுற்று நடக்க வைத்தேன். பயணிகளை ஏற்றும் பணியாளர் ஒருவரிடம் நிலைமையைச் சொன்னதும், முதலில் ஏற்றாமல் எங்களைக் கடைசிக்குச் சற்று முன்னால் ஏற்றினார். சரிவுப் பலகை போட்டு நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய் வால் பக்கக் கதவில் விட்டார்கள். அங்கிருந்து இருக்கைக்கு ஐந்தே அடி.

அம்மா இருக்கையில் அமர்ந்ததும் அழுத்தினேன். 9ஆவது நிமிடம் கதவு சாத்தினார்கள். 14இல் விமானம் அசைந்தது. 22இல் தரையை விட்டது. ஐயா சொன்னபடியே மேற்கே கிளம்பியது. வலப்பக்க ஜன்னலில் மலைக்கோட்டை, ஒரு கைப்பிடிக் கல் போல. பிறகு இறக்கை சாய்ந்து திரும்பியது. 36ஆவது நிமிடம் விளக்கு அணைந்தது. 37இல் அம்மா எழுந்துவிட்டார். பணிப்பெண் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முன்னிருக்கைகளின் மேல்பகுதியைப் பிடித்துக்கொண்டு ஆறு வரிசை முன்னால் போய் ஆறு வரிசை திரும்பினார். ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர் தன் காலை மடக்கி வழிவிட்டு, மெல்ல வாருங்கள், ஆறுதலாக வாருங்கள் என்றார். மெதுவாக என்பதற்கு யாழ்ப்பாணத்தில் சொல்லும் அந்த ஆறுதலாக என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா நின்று அவர் முகத்தைப் பார்த்தார். நீங்கள் எவ்விடம் என்று கேட்டார். 56 ஆண்டுகளாகத் திருச்சித் தமிழ் பேசிய வாயிலிருந்து அந்த எவ்விடம் எப்படி வந்ததோ தெரியவில்லை. உரும்பிராய் என்றார் அவர். கோப்பாய்க்கு அடுத்த ஊர். மறுபடி விளக்கு எரியும் வரை பேச்சு ஓயவில்லை, கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

44இல் விளக்கு எரிந்தது. அதற்குள் கீழே நிலம் முடிந்து கடல் வந்திருந்தது. 60ஆவது நிமிடம் சக்கரம் தரையைத் தொட்டது, வானில் இருந்தது 38 நிமிடம். 65இல் நின்றது. 75இல் அம்மா எழுந்தார். தொடர்ந்து உட்கார்ந்திருந்தது முதல் பாதியில் 37 நிமிடம், இரண்டாம் பாதியில் 31 நிமிடத்துக்குள். மருத்துவர் சொன்ன முக்கால் மணியைத் தாண்டவே இல்லை.

சித்தி வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் ஒரு வாக்கர். இரண்டு வாக்கரும் முட்டிக்கொண்டதால் கட்டிக்கொள்ள முடியவில்லை. நானும் சித்தி மகனும் இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பின்னால் தாங்கிக்கொண்டு நின்றோம்.

---

மேகத்துக்கு மேலே:

38 நிமிடம். குறித்துக்கொண்டேன். நான் போட்ட பயணக் கணக்குகளில் இவ்வளவு ஆவலாக எதற்கும் காத்திருந்ததில்லை.

திரும்பும்போது மேல்காற்று எதிராக இருக்கும், ஆகஸ்டிலும் மேற்கிலிருந்துதான் வீசும். இரண்டு மூன்று நிமிடம் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பின்வரிசை இருக்கையை இன்றே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள், பலாலியிலும் ஏற்றும் பணியாளரிடம் கடைசியில் ஏற்றச் சொல்லி முன்கூட்டியே பேசுங்கள். அங்கே கூடம் சிறியது. உள்ளே போகுமுன் வெளியிலேயே நடக்க வைத்துவிடுங்கள்.